தொப்பிக்கல்லுக்குக் கீழே ஒரு வெளிச்சக் கோடு

செந்திலுக்கு அம்மா எழுதுவது.

போனில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தொப்பிக்கல் என்று நான் வாயைத் திறந்ததுமே, "ம்மா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? மீட்டிங்ல இருக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையில்கூட உனக்கு மீட்டிங் நடக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. மேசை மேல் போட்டுவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது அங்கேயேதான் கிடக்கும். அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பவும் போவதில்லை. நீ வீடு கட்டியிருக்கிற அந்த மனைப் பிரிவில் உன் வரிசையில் இன்னும் சிலர் கடைக்கால் எடுத்திருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஊர் சிரிக்க வைத்துவிட்டாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் கோபத்தை நான் உன் ஒரு வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், சோறு வைத்தால் போய்விடும்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் புது வீட்டில் நீ பால் காய்ச்சக் கூடாது. மஞ்சுளாவையும் குழந்தையையும் வல்லத்தில் அவள் அம்மா வீட்டிலிருந்து நேராக அங்கே அழைத்து வரக் கூடாது. குன்றைப் பார்த்த பின் அறையில், குளிர்ச்சியாக இருக்கும் என்று நீ பார்த்துப் பார்த்து மாட்டியிருக்கிற கொக்கியில் என் பேத்தியின் தொட்டில் தொங்கக் கூடாது. அந்த அறைக்கு நேர் மேலே, குன்றின் தலையில் தொப்பி போல நிற்கிற தொப்பிக்கல் நகர்கிறது. செஞ்சியில் பிறந்தவனுக்குக் கல்லைக் கண்டு பயம் இருக்காது, தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கல் மேல் கல்லாக மலை நிற்கிறது. அதற்குக் கீழேயே கடை போடுகிறோம், பஸ் பிடிக்கிறோம், பிள்ளை பெறுகிறோம். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து, "இது உருண்டு வந்துடாதா?" என்று கேட்டால் சிரிக்கிறோம். நானும் அப்படிச் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீதான் என்பதை நினைத்துப் பார். நான் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், நாம் மூன்று பேரும் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டும் கடிகாரமும் பரப்பி வைத்திருந்த ஒருவரிடம் ஒரு தோல் பை இருந்தது. உள்ளே ஒரு பழைய ஃபிலிம் கேமரா, ரேஞ்ச்ஃபைண்டர் வகை. அதாவது லென்ஸ் வழியாகப் பார்க்காமல் பக்கத்தில் இருக்கிற குட்டி ஜன்னல் வழியாகப் பார்த்து, இரண்டாகத் தெரிகிற உருவத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்கிற கேமரா. உள்ளே திறந்து மூடுகிற துணித் திரை கிழிந்து உயிர் போயிருந்தது. ஆனால் கூட இருந்த இரண்டு லென்ஸும் நன்றாக இருந்தன. ஒன்று குட்டை, பரந்து பார்ப்பது. இன்னொன்று நீளம், தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டு வருவது. எனக்கு அந்த உலோகத்தின் கனம் பிடித்துவிட்டது. "இத்த இன்னா பண்ணப் போற, ஊறுகா ஜாடிக்கு மூடியாக்கப் போறியா?" என்று உங்க நைனா கேட்டார். நீதான் அவரை அடக்கினாய். அடுத்த மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கி வந்தாய். "இந்த மாதிரி கேமராவுல உள்ள கண்ணாடிப் பெட்டி இல்லம்மா, அதனால எந்தப் பழைய லென்ஸையும் நடுவுல ஒரு வளையம் போட்டு மாட்டிக்கலாம்" என்று சொல்லி, அந்த அடாப்டர் வளையத்தையும் நீயே மாட்டிக் கொடுத்தாய். பெற்ற பிள்ளை எனக்கென்று யோசித்து வாங்கித் தந்த பொருள். அன்று ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன், உன்னிடம் சொன்னதில்லை.

முதல் நாள் அது செய்த கூத்து உனக்கு ஞாபகம் இருக்கும். அவ்வளவு பெரிய லென்ஸைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, திரையில் "லென்ஸ் இல்லை" என்று காட்டியது. பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் படம் எடுக்க மாட்டேன் என்றது. அது தொட்டுப் பேசுகிற மின்சாரப் புள்ளிகள் பழைய லென்ஸில் கிடையாது, அதனால் லென்ஸே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று நீ அதன் அமைப்புக்குள் போய்ச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. ஃபோகஸ் கையால்தான் செய்ய வேண்டும். வளையத்தைத் திருப்பத் திருப்ப, கூர்மையாகத் தெரிகிற விளிம்புகள் மீது சிவப்புக் கோடு ஓடும். அந்தச் சிவப்பை அப்படியே நம்பாதே, அது சுமாராக இருந்தாலும் சரி என்று சொல்லிவிடும், சந்தேகம் வந்தால் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார் என்று சொன்னவன் நீ. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு எனக்குத் தூக்கம் போனதற்கே அந்தப் பழக்கம்தான் காரணம்.

என் கண்ணைப் பற்றியும் உனக்குத் தெரியும். கவுண்ட்டரில் உட்கார்ந்து, சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க வருகிறவர்களின் கையெழுத்தையும் நம்மிடம் இருக்கிற மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆயுளில் பாதி போனது. ஒரே மாதிரி இருக்கிற இரண்டில் எது மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டில் நைனா கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாயே, நான் துணி மடித்துக்கொண்டே அதைக் கண்டுபிடித்தேன். "எப்டிம்மா?" என்று மூக்கு விடைக்க நின்றாய். உங்க நைனா பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்கும்போது ஒரு முறை அழுத்திவிட்டுத்தான் எடுப்பார், நீ பயத்தில் இழுத்துக்கொண்டு ஓடியிருந்தாய், அவ்வளவுதான். அடித்தேன், பிறகு முட்டை பொரித்துக் கொடுத்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம், வீட்டில் சும்மா இருக்கிற ஒருத்தி பொழுது போகாமல் கல்லில் பேயைப் பார்க்கிறாள் என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். எனக்குப் பேய் தெரியாது, வித்தியாசம் மட்டும்தான் தெரியும்.

ஆனால் நீ நம்பாததில் நியாயம் இருக்கிறது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். உன் மனைக்குப் பூமி பூஜை போட்ட நாளை மறப்பேனா? குட்டை லென்ஸில் முன்பு எடுத்த படத்தையும், அன்று விடியற்காலையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொப்பிக்கல் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. நான் மாடியிலிருந்து கத்திய கத்தலில், பூஜைக்கு வந்த ஐயர் கற்பூரத்தை அணைத்துவிட்டார். வல்லத்திலிருந்து வந்திருந்த உன் மாமனார் மாமியார் வெறும் வயிற்றோடு நின்றார்கள். நீ மாடிக்கு ஏறி வந்தாய், முகம் சிவந்திருந்தது. கேமராவை வாங்கி, லென்ஸை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினாய். அடாப்டர் வளையத்துக்குள் அது டக் டக் என்று ஆடியது. பிறகு தொப்பிக்கல்லைப் படத்தின் நடுவில் வைத்து எடுத்தாய், நேராக நின்றது. ஓரத்தில் வைத்து எடுத்தாய், சாய்ந்தது. "பாத்தியா? இது ஃபிலிமுக்குன்னு செஞ்ச லென்சுமா. ஓரத்துல வெளிச்சம் சாய்வா வந்து உழும். ஃபிலிம் தாங்கிக்கும், இந்த சென்சார் தாங்காது, ஓரமெல்லாம் இழுத்துக்கும், கலரு ஊதாவா பூடும். போதாததுக்கு வளையம் வேற லூசு. கல்லு நகுரல, உன் லென்சுதான் நகுருது." எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமியார் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், மரியாதைக்கு. நானும் சிரித்தேன். கீழே வந்து எல்லோருக்கும் கேசரி கிளறினேன். நீ சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பு இல்லை, தப்பு முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கேமராவைத் தொடவே இல்லை. உறவு முறையில் யார் வந்தாலும், "இன்னாக்கா, கல்லு எம்மா தூரம் வந்துகிது, பஸ் ஸ்டாண்டாண்ட வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்கள். அதற்குள் மனை போட்டு விற்கிறவர்கள் தெருவை அகலப்படுத்துவதற்கு என்று ஜேசிபியைக் கொண்டுவந்து குன்றின் அடிவாரத்தைச் சுரண்டினார்கள். நீ அப்போது ஸ்ரீபெரும்புதூரில் வேலையில் இருந்தாய், பார்க்கவில்லை. சரிவில் முட்டுக் கொடுத்தது போலக் கிடந்த சின்னக் கற்களையெல்லாம் வாரிக்கொண்டு போய் ரோட்டுக்குப் போட்டார்கள். மண் சிவப்பாகப் பிளந்து கிடந்தது. அந்த வருஷ ஐப்பசி மழையும் பெய்த பிறகு, ஒரு நாள் துணி உலர்த்த மாடிக்குப் போனவள் தொப்பிக்கல்லைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கவுண்ட்டரில் சில கையெழுத்தைப் பார்த்ததும் கை தானாக மாதிரிக் கையெழுத்தை இன்னொரு முறை எடுக்குமே, அப்படித்தான் கேமராவை மறுபடி எடுத்தேன். காரணம் பிறகுதான் தெரியும், கை முதலில் போகும்.

இந்த முறை கத்தவில்லை. நீ என்னைத் தோற்கடித்த ஒவ்வொரு இடத்தையும் முதலில் அடைத்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் கொத்தனாரை விட்டு ஒரு சின்னச் செங்கல் தூண் எழுப்பி, அதன் தலையில் ஒரு போல்ட்டைப் பதிக்கச் சொன்னேன். "துளசி மாடமாம்மா?" என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கேமரா அந்தப் போல்ட்டில்தான் உட்காரும், தினமும் அதே இடம், அதே பார்வை. குட்டை லென்ஸை உள்ளே வைத்துவிட்டு நீள லென்ஸை மாட்டினேன். அதில் ஓரம் அவ்வளவு இழுப்பதில்லை. இருந்தாலும் தொப்பிக்கல்லை நட்ட நடுவில்தான் வைத்தேன். ஆடாத நல்ல அடாப்டர் ஒன்றை வரவழைத்தேன். இந்த வளையங்கள் மயிரிழை குட்டையாக இருப்பதால் லென்ஸில் முடிவிலி என்று குறித்திருக்கிற இடம் உண்மையான முடிவிலி அல்ல, கொஞ்சம் தாண்டிப் போய்விடும். அதனால் பெரிதாக்கிப் பார்த்து, கல்லின் சொரசொரப்பு தெரிகிற இடத்தில் வளையத்தை நிறுத்தி டேப் போட்டு ஒட்டினேன். அதற்கு மேல் அதைக் கழற்றவே இல்லை. இவ்வளவும் நீ அன்றைக்குச் சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் செய்தேன். அன்றைக்கு அவமானப்பட்டது வீண் போகவில்லை.

குன்று நமக்குக் கிழக்கே இருக்கிறது. சூரியன் அதற்குப் பின்னாலிருந்துதான் வருகிறது. விடிகிற நேரத்தில் வானம் வெளுத்து, கற்களெல்லாம் கறுப்பாக நிற்கும். அந்த நேரத்தில்தான் எடுப்பேன். சூரியன் தலை காட்டுவதற்குள் மூடியைப் போட்டுவிடுவேன், திறந்த லென்ஸ் வழியாக வெயில் விழுந்தால் சென்சார் பொசுங்கிப் போகும். தொப்பிக்கல்லுக்கும் அதைத் தாங்குகிற அடிக்கல்லுக்கும் நடுவே அதுவரை ஒன்றும் இருந்ததில்லை, ஒட்டிக்கொண்டுதான் கிடந்தன. பொங்கல் கழித்து எடுத்த படத்தில் அங்கே ஒரு நூல் வெளிச்சம் இருந்தது. உனக்கு அனுப்பினேன். "பழைய லென்ஸ் எதிர் வெளிச்சத்துல அப்டித்தான்மா பூக்கும், ஒண்ணுமே இல்லாத எடத்துல வெளிச்சம் காட்டும்" என்று எழுதினாய். அதுவும் உண்மைதான் என்பதால் கறுப்பு அட்டையைச் சுருட்டி லென்ஸுக்கு முன்னால் குழாய் போல மாட்டினேன். இன்னும் இருட்டு இருக்கும்போதே எடுத்தேன். நூல் அங்கேயே இருந்தது. மாசியில் அது நாடா ஆனது. முன்னே எடுத்த படங்களில் தொப்பிக்கல் மேல் எப்போதும் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், குட்டியை மடியில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு எடுத்த படம் எதிலும் ஒரு குரங்கு இல்லை. பக்கத்தில் இருக்கிற இரட்டைக்கல் மேல் உட்காருகின்றன, இதன் மேல் ஏறுவதில்லை. ஜேசிபி சத்தத்தில் போயிருக்கும் என்பாய். ஜேசிபி போய் எத்தனை மாதம் ஆகிறது?

ஒன்று மட்டும் நீயே யோசித்துப் பார். அதே படத்தில் இடது ஓரமாக இரட்டைக்கல் இருக்கிறது, வலது பக்கம் கரண்ட் டவர் இருக்கிறது. லென்ஸ் ஆடினால் மூன்றும் சேர்ந்துதான் ஆட வேண்டும். வளையம் லூசாக இருந்தால் டவரும் கூடத்தான் சாய வேண்டும். டவர் வைத்த இடத்தில் இருக்கிறது, இரட்டைக்கல் வைத்த இடத்தில் இருக்கிறது, தொப்பிக்கல் மட்டும் ஏன் படத்துக்குப் படம் வேறாக இருக்கிறது? தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை உனக்கு. ஒரு சாமான் இப்படி வந்தால் அளக்கிற கருவியைத்தான் குறை சொல்வாயா, இல்லை சாமானைத் தூக்கி ஓரமாக வைப்பாயா? இதைக் கேட்டு நான் அனுப்பிய செய்தியில் இரண்டு நீல டிக் விழுந்ததோடு சரி. அந்தக் கேமரா முதல் நாள் லென்ஸைக் கட்டிக்கொண்டே லென்ஸ் இல்லை என்று சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

போன வாரம் மூன்று நாள் விடாமல் பெய்ததே, அது விட்ட மறுநாள் விடியலில் மாடிக்குப் போனேன். பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிச்சக் கோடு இல்லை. தொப்பிக்கல் அடிக்கல்லோடு பழையபடி ஒட்டிக்கொண்டு நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! கல் தானாகப் படிந்துவிட்டது, என் பிள்ளை சொன்னதுதான் சரி, நான்தான் பைத்தியக்காரி என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பாயசம் வைத்தேன். "இன்னா விசேசம்?" என்று கேட்ட உங்க நைனாவிடம் சொன்னேன். அவர் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அந்தாண்ட பக்கமும் ஒட்டிக்கிச்சா?" முன் பக்கத்தை மட்டும்தானே அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் வைத்ததையே பார்த்துப் பார்த்து, பக்கவாட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் வண்டியில் அந்த ரோட்டிலேயே போய், குன்று பக்கவாட்டில் தெரிகிற இடத்தில், கடலை போட்டிருக்கிற மல்லாட்டைக் காட்டு வரப்பில் இறங்கினோம். டேப்பை உரித்து லென்ஸைக் கழற்ற மனமில்லாமல் கேமராவை அப்படியே கொண்டு போயிருந்தேன். உங்க நைனாவின் தோளில் அதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சிவப்புக் கோடு கல்லைச் சுற்றி ஓடியது. பெரிதாக்கினேன். செந்தில், முன் பக்கம்தான் மூடியிருக்கிறது. பின் பக்கம் கல் எழும்பி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. உள்ளே ஒரு ஆள் படுக்கலாம் போல இடைவெளி. கோடு மறைந்ததற்குக் காரணம் கல் படிந்ததல்ல, முன்னால் குனிந்திருக்கிறது. உன் வீட்டுப் பக்கமாகக் குனிந்திருக்கிறது. அது தெரியாமல்தான் நான் பாயசம் வைத்துக் குடித்திருக்கிறேன்.

உங்க நைனாவும் பார்த்தார். அவருக்கு ஃபோகஸ், பெரிதாக்கல் எதுவும் தெரியாது, திரையில் தெரிந்ததைப் பார்த்தார், அவ்வளவுதான். ஊறுகாய் ஜாடி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே சொன்னார்: "அவனுக்கு எய்து. போன்ல சொன்னா கேக்க மாட்டான். புள்ளைய அங்க கூட்டினு வராதன்னு எய்து." கிராம அலுவலரையும் போய்ப் பார்த்தோம். நல்ல மனுஷர், கூடவே வந்தார், அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "எங்க தாத்தன் காலத்துலருந்து அப்டியேதான் குந்தினுகிது" என்றார். மேலே சொல்லி ஆள் வரவழைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

நீ ஏன் அந்த மனையை வாங்கினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "உனக்கு வயசாவுது, நான் வாரம் பூரா வெளியூர்ல இருப்பேன், மஞ்சுவும் புள்ளையும் உன் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னுதாம்மா" என்று சொன்னாய். என் மாடியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு. அந்த வார்த்தையைக் கேட்டு நான் எவ்வளவு பூரித்தேன் தெரியுமா? இப்போது அதே வார்த்தைதான் என்னை மாடிக்கு விரட்டுகிறது. நீ ஊரில் இருக்க மாட்டாய். அவளும் பச்சைக் குழந்தையும் அந்தப் பின் அறையில் இருப்பார்கள். அங்கே என்ன நடந்தாலும் முதலில் பார்க்கிற கண் என்னுடையதாக இருக்கும். அப்படி ஒரு காட்சியைப் பார்க்கவா எனக்கு இந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்தாய்? வீடு போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு எளிதாக இருக்கிறது, உழைத்தவன் நீ என்பது தெரியும். ஒவ்வொரு டைல்ஸையும் நீ வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்தாய். பரவாயில்லை, கதவைப் பூட்டு. கல்லை இறக்கவோ உடைக்கவோ தெரிந்தவர்கள் வந்து இனிப் பயமில்லை என்று சொல்லட்டும், அதற்குப் பிறகு நானே மேளம் வைத்துப் பால் காய்ச்சுகிறேன். அதுவரை எல்லோரும் என் வீட்டில் நெருக்கிக்கொண்டு இருக்கலாம். தொட்டிலை என் அறையில் கட்டு. குழந்தை ராத்திரியெல்லாம் அழட்டும், நான் எப்படியும் தூங்குவதில்லை.

நான் சொன்னது பலித்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் தப்பு என்றே ஊர் சொல்லிக்கொண்டு போகட்டும். அந்தக் கல் இன்னும் நூறு வருஷம் அப்படியே நிற்கட்டும், என் பேத்தி அவள் பிள்ளைகளிடம், எங்க ஆயா கல்லைப் பார்த்துப் பயந்து எங்களைக் குடி வர விடவில்லை என்று சொல்லிச் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புக்கு நான் இப்போதே சம்மதிக்கிறேன். ஒரு தடவை பொய்யாகக் கத்தியவள் என்பதால் இன்னொரு தடவை கத்தக் கூடாது என்று இருந்துவிட்டால், அதற்குப் பிறகு எனக்கு வாய் எதற்கு?

இந்தக் கடிதத்தை நேற்றே முடித்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் பிரதிகளைத் தபாலில் சேர்க்கப் போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை மாடிக்குப் போனேன். கேமராவைப் பழையபடி தூணில் பூட்டி, டேப் ஒட்டிய இடத்தில் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, டவரைப் பார்த்தேன், இரட்டைக்கல்லைப் பார்த்தேன். இரண்டும் வைத்த இடத்தில் இருந்தன. பிறகு நடுவில் பெரிதாக்கினேன். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொப்பிக்கல்லுக்கு மேலே எப்போதும் வானம் மட்டும்தான். இன்றைக்குக் கல்லின் தலைக்கு மேலே கறுப்பாக, விசிறி விசிறியாக ஏதோ அசைந்தது. லென்ஸில் தூசியோ என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன். பனை ஓலை. குன்றின் மேல் கல்லுக்குப் பின்னால் ஒரு பனைமரம் நிற்கிறது செந்தில். அது அங்கே இருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. இத்தனை நாள் அதை மறைத்துக்கொண்டு நின்ற கல் குனிந்து இறங்கி, இன்றைக்குத்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை வரும்போது பால் பாத்திரத்தை வண்டியிலேயே வைத்துவிட்டு, முதலில் என் மாடிக்கு ஏறி வா. கேமரா தூணிலேயே இருக்கும்.

அம்மா